கான்சாஸ் ஜேஹாக்ஸ்: கோப்பை நாலு, கோச் எட்டு. இது பெரிய அணியா, வெறும் பழைய அணியா?

ஜம்ப்ஷாட்_சேலம்

மார்ச் வந்தால், அதாவது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி வந்தால், இங்கே டியூக், கென்டக்கி, யு.சி.எல்.ஏ. என்று மூன்று பெயரைச் சுற்றியே பேச்சு ஓடும். கான்சாஸ் பல்கலைக்கழக ஆண்கள் அணியான ஜேஹாக்ஸுக்கு ஒரு இழைகூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். சரி, நானே ஆரம்பிக்கிறேன், தெரிந்தவர்கள் வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.

இந்த அணிக்கு இருக்கும் ஒரு விசேஷம் வேறு யாருக்கும் கிடையாது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே இதன் முதல் கோச். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிரில் வெளியே விளையாட முடியாமல் வம்பு செய்துகொண்டிருந்த மாணவர்களுக்காக இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினாரே, அதே கனடாக்காரர். அப்புறம் டென்வருக்குப் போய் மருத்துவம் படித்து முடித்து, 1898ல் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊருக்கு வந்தார். வேலைக்கு எடுத்தது உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கவும் கல்லூரியின் ஜெபக்கூட்டத்தை நடத்தவும்தான், கூடைப்பந்து அணி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. 1899 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ.வுடன் முதல் ஆட்டம், 16-5 என்று தோல்வி. 1907 வரை இருந்தார், 55 வெற்றி, 60 தோல்வி. அந்த அணியின் கோச்சுகளில் இன்றுவரை வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வைத்திருப்பவர், ஆட்டத்தையே கண்டுபிடித்த இவர் ஒருவர்தான்!

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. இந்த ஆட்டத்துக்குக் கோச் எதற்கு, பந்தைக் கொடுத்தால் பையன்களே விளையாடிக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. அவரிடம் விளையாடிய ஃபாரஸ்ட் 'ஃபாக்' ஆலன் நேர் எதிர்க்கட்சி. 1907ல் குருவின் இடத்தில் உட்கார்ந்தவர், இரண்டு வருடத்தில் ஆஸ்டியோபதி வைத்தியம் படிக்கப் போய்விட்டு, 1919ல் திரும்பி வந்து 1956 வரை நகரவே இல்லை. கான்சாஸில் மட்டும் 590 வெற்றி. கோச் என்பது ஒரு முழுநேரத் தொழில் என்று ஆக்கிக் காட்டியவர்களில் முதல் ஆள் இவர். 1927ல் கோச்சுகளுக்கென்று தேசிய சங்கம் அமைந்ததும், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து நுழைந்ததும் இவர் விடாமல் தொந்தரவு கொடுத்ததன் பலன்தான். வயதான நெய்ஸ்மித்தை அந்த ஒலிம்பிக்கைப் பார்க்க அனுப்பப் பணம் வசூலித்ததும் அந்தச் சங்கம்தான்.

இன்றுவரை எட்டே கோச்: நெய்ஸ்மித், ஆலன், ஹாமில்டன், டிக் ஹார்ப், டெட் ஓவன்ஸ், லாரி பிரவுன், ராய் வில்லியம்ஸ், 2003 முதல் பில் செல்ஃப். 125 வருடத்துக்கு மேல் ஆன அணிக்கு எட்டுப் பேர்! என் கட்சி இதுதான்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக்குப் பிறந்த வீடு லாரன்ஸ். மற்ற பெரிய அணிகள் எல்லாம் இங்கிருந்து கட்டிக்கொண்டு போன சீர்வரிசையில் வாழ்பவை.

கரோலினா_கட்சி

சீர்வரிசையா? தம்பி, கொஞ்சம் நிதானம்.

என்.சி.ஏ.ஏ., அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், நடத்தும் தேசியப் போட்டியின் கோப்பைக் கணக்கைப் போடுவோம். யு.சி.எல்.ஏ. 11, கென்டக்கி 8, எங்கள் நார்த் கரோலினா 6, கனெக்டிகட்டும் 6, டியூக் 5. கான்சாஸ்? 1952, 1988, 2008, 2022, ஆக நாலு. 1952க்கும் 1988க்கும் நடுவே 36 வருடம். பிறந்த வீட்டுப் பெருமையை வைத்துக்கொண்டு ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுக்க முடியாது.

1957 இறுதி ஆட்டத்தையும் நினைவுபடுத்திவிட்டுப் போகிறேன். 54-53. மூன்று ஓவர்டைம் (சமன் ஆனால் கூடுதல் நேரம்). ஏழடிக்கு மேல் வில்ட் சேம்பர்லினை வைத்துக்கொண்டு, அதுவும் தங்கள் வாசலிலேயே இருக்கும் கான்சாஸ் சிட்டியில், யாரிடம் தோற்றார்கள் என்று சேலம்தான் சொல்ல வேண்டும்.

ரீபவுண்ட்_ராணி

ஆரம்பித்துவிட்டார்கள் இருவரும். சேலம், பிறந்த வீடு என்று சும்மா சொன்னால் எப்படி, யார் யார் அங்கிருந்து போனார்கள் என்று பெயரோடு எழுதுங்கள். எனக்கு டீன் ஸ்மித் மட்டும்தான் தெரியும்.

ஜம்ப்ஷாட்_சேலம்

எழுதுகிறேன் அக்கா.

ஆலனிடம் 1920களின் ஆரம்பத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் அடோல்ஃப் ரப். கான்சாஸ் மாநிலம் ஹால்ஸ்டெட் ஊர்க்காரர், ஆடியது குறைவு. அவர்தான் 1930ல் கென்டக்கிக்குப் போய் 1972 வரை இருந்து 876 வெற்றியும் நாலு கோப்பையும் எடுத்துக்கொடுத்தார். இன்று கென்டக்கி 8 என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் பாதி இந்தப் பெஞ்சுக்காரருடையது.

அப்புறம் 1952 கோப்பை அணியின் பெஞ்சில் இன்னொரு பையன், எம்போரியா ஊர்க்காரர், டீன் ஸ்மித். இவர் எங்கே போனார் என்று கரோலினா அண்ணனுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்: 1958ல் நார்த் கரோலினாவுக்கு உதவிக் கோச்சாக, 1961ல் தலைமைக் கோச்சாக. 1997ல் ஓய்வு பெற்றபோது 879 வெற்றி, ரப்பின் சாதனையை முறியடித்துவிட்டுத்தான் போனார். ஆலனிடம் படித்த ஒருவரின் சாதனையை ஆலனிடமே படித்த இன்னொருவர் உடைக்கிறார், இரண்டு பேரும் கான்சாஸ் மாநிலத்துப் பையன்கள். வேறு எந்த அணியிலும் இப்படி ஒரு கதை இருக்கிறதா, சொல்லுங்கள்.

ஸ்மித்திடம் விளையாடிய லாரி பிரவுன் 1983ல் கான்சாஸுக்கே கோச்சாக வருகிறார். பத்து வருடம் ஸ்மித்தின் உதவியாளராக இருந்த ராய் வில்லியம்ஸ் 1988ல் வருகிறார். பிரவுனிடம் லாரன்ஸில் ஒரு பருவம் உதவிக்கு இருந்த பையன் பில் செல்ஃப். அதே பிரவுனின் கூடாரத்தில் அந்தக் காலத்தில் இருந்த இன்னொருவர் ஜான் கேலிபாரி. தன் கல்லூரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு பருவம் வந்து கற்றுக்கொண்டு போனவர் கிரெக் பொப்போவிச், பின்னாளில் தொழில்முறை அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் கோச்சான அதே பொப்போவிச்.

எனவே கரோலினா அண்ணா, உங்கள் 6 கோப்பையில் 1982, 1993 இரண்டும் ஸ்மித்துடையது. 2005, 2009, 2017 மூன்றும் லாரன்ஸில் 15 வருடம் கோச்சாகப் பழகிவிட்டு வந்த ராய் வில்லியம்ஸுடையது. 1957 ஒன்றுதான் உங்கள் சொந்தச் சம்பாத்தியம் அண்ணா.

கரோலினா_கட்சி

ஹஹஹா. அந்த ஒன்றும் உங்களிடமிருந்து எடுத்ததுதான்.

ஆனால் நீங்கள் சொல்லும் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 1988ல் உங்களுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்த டேனி மேனிங் எந்த ஊர்ப் பையன்? நார்த் கரோலினா, கிரீன்ஸ்பரோ. எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் சாப்பல் ஹில்லுக்கு வந்திருக்க வேண்டிய பையன். லாரி பிரவுன் அவனுடைய அப்பா எட் மேனிங்கை உதவிக் கோச்சாக எடுத்துக்கொண்டார், குடும்பமே லாரன்ஸுக்கு மாறியது, பையனும் கூடவே போனான். எட் மேனிங் அப்போது சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதால் அன்றைக்கே ஊரெல்லாம் முணுமுணுத்தார்கள். அவர் முன்னால் என்.பி.ஏ., ஏ.பி.ஏ. என்ற தொழில்முறை லீகுகளில் ஆடியவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலையாகப் பேசினேன் என்று வரக்கூடாது. ஆனாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

லாரன்ஸ்_வாசி

நான் அங்கே முதுகலை படித்தவன், கோப்பைக் கணக்குப் பிரியர்களுக்கு நடுவே அரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் 1955 மார்ச் 1ல் திறந்தது, முதல் ஆட்டம் பக்கத்து ஊர்ப் பங்காளியான கான்சாஸ் ஸ்டேட்டுடன், 77-67 வெற்றி. கொரியப் போரின் சமயத்தில் இரும்புக்குக் கட்டுப்பாடு இருந்ததால், ராணுவப் பயிற்சிக்கும் பயன்படும் கட்டடம் என்று காட்டித்தான் இரும்பு வாங்கியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஹோக் ஆடிட்டோரியம் என்ற கலையரங்கத்தில் ஆடினார்கள், வளைந்த சுவர், வெளியூர் அணிக்குக் கூடை எங்கே இருக்கிறது என்றே குழப்பம் வருமாம். அந்தக் கட்டடம் 1991ல் மின்னல் தாக்கி எரிந்துபோனது, முகப்பை மட்டும் விட்டுவைத்துப் பின்னால் புதிதாகக் கட்டினார்கள்.

2024ல் புதுப்பிக்கும் வரை ஃபீல்ட்ஹவுஸில் 16,300 பேர் உட்காரலாம். நான் படித்தபோது பெஞ்சு மாதிரி நீள இருக்கைதான், சாய்ந்துகொள்ள வழியில்லை, யாரும் உட்காருவதும் இல்லை. எதிரணியை அறிமுகப்படுத்தும்போது மாணவர் பகுதி முழுக்கப் பல்கலைக்கழகச் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு 'நீங்கள் யாராக இருந்தால் எங்களுக்கு என்ன' என்று படிக்கிற மாதிரி நிற்கும். தங்கள் அணி வந்த அடுத்த நொடி அதே தாளைக் கிழித்து மேலே வீசும். வடக்குச் சுவரில் 'பிவேர் ஆஃப் த ஃபாக்' (ஃபாக் ஆலனிடம் ஜாக்கிரதை) என்று பெரிய பதாகை தொங்குகிறது, 1988ல் மாணவர்கள் விடுதிக் குளியலறைத் திரைகளை உருவி அதில் எழுதிய வாசகம் அது. வெற்றி உறுதியானதும் 'ராக் சாக் ஜேஹாக், கே.யூ.' என்று இழுத்து இழுத்துப் பாடுவார்கள். 1886ல் வேதியியல் பேராசிரியர் பெய்லி ஆரம்பித்துவைத்த கோஷம், பல்கலைக்கழகம் நிற்கும் மலையின் சுண்ணாம்புக் கல்தான் அதில் வருகிறது. எனக்குக் கூடைப்பந்து அப்போது அவ்வளவு தெரியாது, அந்தச் சத்தம் கேட்ட பிறகு தெரிந்துகொண்டேன்.

நெய்ஸ்மித் எழுதிய அசல் 13 விதிகளும் அங்கேதான் இருக்கின்றன. 2010 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் பழைய மாணவர் டேவிட் பூத் 43 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தார். அதை வைப்பதற்கென்றே அரங்கத்தை ஒட்டி ஒரு கட்டடம், 2016ல் திறந்தார்கள். இரண்டே தாள், தட்டச்சு செய்தது, ஓரத்தில் கையெழுத்துத் திருத்தம். பார்க்கப் போகிறவர்கள் ஆட்டம் இல்லாத நாளில் போங்கள், நிதானமாக நின்று படிக்கலாம்.

நந்தனம்_பழையவன்

ஸ்பிரிங்ஃபீல்ட் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. சென்னையில் 1920ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய எச்.சி. பக், நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த அதே ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். நம் ஊர்ப் பள்ளிகளில் பி.டி. மாஸ்டர்கள் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த வழி அதுதான். எனவே சேலம் தம்பி சொல்லும் பிறந்த வீட்டுக்கும் ஒரு பிறந்த வீடு இருக்கிறது. அவ்வளவுதான், நீங்கள் சண்டையைத் தொடருங்கள்.

ரீபவுண்ட்_ராணி

சேலம், உங்கள் பட்டியலைப் படித்தேன். ரப், ஸ்மித், பிரவுன், வில்லியம்ஸ், செல்ஃப். நெய்ஸ்மித்திடம் நேரடியாகப் படித்த ஒருவரை விட்டுவிட்டீர்களே! எனக்கு டீன் ஸ்மித் மட்டும்தான் தெரியும் என்றேன் அல்லவா, அதனால் உட்கார்ந்து தேடினேன், ஜான் மெக்லெண்டன் கிடைத்தார். இனி இந்த இழையில் வேறு யாரைப் பற்றியும் எனக்குப் பேச வேண்டாம்.

1933ல் லாரன்ஸுக்கு வருகிறார், கறுப்பினப் பையன், கான்சாஸ் மாநிலத்திலேயே பிறந்தவர். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் அங்கே வாத்தியார், அவரிடமே போய்ப் படி என்று அப்பா அனுப்பியிருக்கிறார். இவரும் நேரே நெய்ஸ்மித் அறைக்குப் போய் நீங்கள்தான் என் ஆலோசகர் என்கிறார். யார் சொன்னது என்று கேட்க, அப்பா சொன்னார் என்கிறார், அப்பாக்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கிழவரும் சேர்த்துக்கொண்டாராம். பின்னால் மெக்லெண்டனே பலமுறை சொன்ன கதை.

சேர்த்துக்கொண்டார்கள் சரி, அணியில் விளையாட விட்டார்களா? இல்லை. கறுப்பின மாணவர்களுக்கு அணியில் இடமில்லை, ஆலன்தான் கோச். உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சல் தேர்வு கட்டாயம், ஆனால் குளம் வெள்ளையருக்கு. இவர் இறங்கி நீந்தியதற்காகக் குளத்துத் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டார்கள். அவர் விடவில்லை, மறுபடி இறங்கினார், கடைசியில் குளம் எல்லோருக்கும் என்று ஆனது. அந்த விஷயத்தில் நெய்ஸ்மித் அவர் பக்கம் நின்றார். 1936ல் பட்டம், அந்தத் துறையில் அங்கே பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர்.

இனி கரோலினா அண்ணன் கவனிக்கவும். மெக்லெண்டன் போய்ச் சேர்ந்த இடம் உங்கள் டர்ஹம். கறுப்பினத்தவருக்கான நார்த் கரோலினா கல்லூரி. முழு மைதானத்திலும் எதிராளியை நெருக்குவது, பந்து கிடைத்த உடனே எதிரணிக் கூடையை நோக்கிப் பாய்வது, இன்று எல்லோரும் ஆடும் ஃபாஸ்ட் பிரேக்கை ஒரு முறையாக வளர்த்தவர்களில் முன்னோடி இவர். 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் முழுக்க தேவாலயத்தில் இருக்கும் நேரம். டியூக் மருத்துவக் கல்லூரியில் ராணுவப் பயிற்சியில் இருந்த வெள்ளையர் அணி சுற்றுவழியில் காரில் வருகிறது, ஜிம் கதவைப் பூட்டிக்கொள்கிறார்கள், பார்வையாளர் கிடையாது. இரு நிறத்தவர் சேர்ந்து ஆடினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மெக்லெண்டனின் அணி 88-44 என்று ஜெயித்தது. அப்புறம் ஆட்களைக் கலந்து பிரித்துக்கொண்டு இன்னொரு ஆட்டமும் ஆடினார்கள். இது வெளியே தெரிந்தது 1990களில்தான்.

பின்னால் டென்னசி ஏ அண்ட் ஐ. கல்லூரிக்கு 1957, 1958, 1959 என்று அடுத்தடுத்து மூன்று என்.ஏ.ஐ.ஏ. பட்டம் (சிறிய கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி). 1961ல் கிளீவ்லாந்து பைப்பர்ஸுக்கு, தொழில்முறைக் கூடைப்பந்தின் முதல் கறுப்பினக் கோச்சுகளில் ஒருவர். கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் 1979ல் ஆட்டத்துக்குப் பங்களித்தவர் என்று சேர்த்தார்கள், கோச் என்ற பெயரில் சேர்க்க 2016 வரை ஆனது.

நெய்ஸ்மித்தின் ஆட்ட அறிவு யாரிடம் போனது என்று கேட்டால் என் பதில் இவர்தான். ஆலன் அவரிடமிருந்து ஆட்டத்தை எடுத்துக்கொண்டு தன் வழியில் போனார். மெக்லெண்டன் அவரோடு உட்கார்ந்து படித்தார். ஆனால் ஜேஹாக்ஸ் சட்டையை ஒருநாள்கூடப் போடவில்லை. எட்டுக் கோச் என்று எண்ணும்போது அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஜம்ப்ஷாட்_சேலம்

இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை அக்கா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், அந்த அணியில் முதல் கறுப்பின ஆட்டக்காரராக லாவான்ஸ் ஸ்குவயர்ஸ் வந்தது 1951ல். மெக்லெண்டன் பட்டம் வாங்கிப் போய் 15 வருடம் கழித்து.

நந்தனம்_பழையவன்

அதே லாரன்ஸுக்குத்தான் 1955ல் வில்ட் சேம்பர்லின் வருகிறார், அதையும் எழுதினால்தான் கதை முழுசாகும்.

பிலடெல்பியாவின் ஓவர்புரூக் பள்ளியிலிருந்து அவரைக் கொண்டுவர நாடு முழுக்கக் கல்லூரிகள் அலைந்தன. ஆலன் அதில் ஜெயித்தார். ஆனால் அன்றைய விதிப்படி முதலாம் ஆண்டு மாணவர் பெரிய அணியில் ஆட முடியாது. எனவே முதலாண்டு அணிக்கும் பெரிய அணிக்கும் ஒரு காட்சி ஆட்டம், வில்ட் 42 புள்ளி, பெரிய அணி தோற்றது! அடுத்த வருடம் வில்ட் பெரிய அணிக்கு வரும் நேரத்தில் ஆலனுக்கு 70 வயது ஆகிவிட்டது, கட்டாய ஓய்வு. விதிவிலக்கு கேட்டார், கொடுக்கவில்லை. வாழ்நாளில் கிடைத்த மிகப்பெரிய ஆட்டக்காரரை ஒரு அதிகாரபூர்வ ஆட்டத்தில்கூட அவரால் நடத்த முடியவில்லை. உதவியாளர் டிக் ஹார்ப் கைக்கு அணி போனது. 1956 டிசம்பரில் நார்த்வெஸ்டர்னுடன் வில்ட்டின் முதல் ஆட்டம்: 52 புள்ளி, 31 ரீபவுண்ட்.

ஊரில் பல உணவகங்கள் அவருக்குச் சாப்பாடு போடாது. போய் உட்கார்ந்துகொண்டு, பரிமாறும் வரை எழுந்திருக்க மாட்டாராம். அவர் உயரத்துக்கும் புகழுக்கும் எழுப்பிவிட யாருக்குத் தைரியம் வரும். 1957ல் டாலஸில் நடந்த ஆட்டங்களில் கூட்டம் அவரை இனப்பெயர் சொல்லித் திட்டியது, அணி முழுக்க ஊருக்கு வெளியே தங்க வேண்டி வந்தது. அதையெல்லாம் தாண்டி வந்துதான் அந்த இறுதி ஆட்டம்.

ஷாட் கிளாக், அதாவது இத்தனை நொடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்ற கெடு, கிடையாத காலம், கல்லூரிக்கு அது 1985ல்தான் வந்தது. எனவே வில்ட்டுக்குப் பந்து போகாமல் இருக்க எதிரணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கலாம். நார்த் கரோலினா கோச் ஃபிராங்க் மெகுவயர் இன்னும் ஒரு படி போய், தொடக்கத்தில் வில்ட்டுடன் பந்துக்குக் குதிக்கத் தன் அணியிலேயே குள்ளமான டாமி கேர்ன்ஸை அனுப்பினார். சும்மா கடுப்பேற்றத்தான். மூன்றாவது ஓவர்டைமில் ஆறு நொடி இருக்கும்போது ஜோ குவிக் இரண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) போட்டார், முடிந்தது. தோற்ற அணியில் இருந்தும் சிறந்த ஆட்டக்காரர் விருது வில்ட்டுக்கு.

1958ல் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருக்கும்போதே கிளம்பிவிட்டார், மூன்று பேர் சுற்றி நின்று பிடிக்கும் ஆட்டம் அலுத்துப்போய். அப்புறம் பல பத்தாண்டுகள் லாரன்ஸ் பக்கம் அவர் வந்தது மிகக் குறைவு. தன்னால்தான் அந்தக் கோப்பை போனது, ஊர் திட்டும் என்று நினைத்திருக்கிறார். 1998 ஜனவரியில் அவருடைய ஆட்டச் சட்டையை மரியாதைக்காக அரங்கத்தில் உயரே மாட்டிய அன்று பழைய கல்லூரி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார், கூட்டம் எழுந்து நின்றது. அடுத்த வருடம் காலமானார்.

கரோலினா_கட்சி

1957ஐ வெற்றியாக மட்டுமே கேட்டு வளர்ந்தவன் நான். டாலஸ் பகுதி தெரியாது சார், எழுதியதற்கு நன்றி.

சரி, கான்சாஸ்காரர்களுக்கும் ஒரு வாய்ப்பு. 1988, 2008, 2022, மூன்றில் எது பெரிது?

லாரன்ஸ்_வாசி

1988தான், சந்தேகமே இல்லை. அந்த அணி 11 ஆட்டம் தோற்றிருந்தது, அவ்வளவு தோல்வியோடு வேறு யாரும் கோப்பை எடுத்ததில்லை. 6வது தரவரிசை. இறுதியில் அதே பருவத்தில் இரண்டு முறை தங்களைத் தோற்கடித்த ஓக்லஹோமா. பாதி ஆட்டத்தில் 50-50, அவர்கள் ஓட, இவர்களும் ஓட, பார்க்கவே மூச்சு வாங்கும். மறுபாதியில் பிரவுன் வேகத்தைக் குறைத்தார், 83-79. மேனிங் 31 புள்ளி, 18 ரீபவுண்ட். உடனே பிரவுன் ஸ்பர்ஸுக்குப் போய்விட்டார், அணிக்கு விதிமீறல் தண்டனை வந்தது, 1989ல் நடப்புச் சாம்பியனே போட்டியில் இல்லை!

ஜம்ப்ஷாட்_சேலம்

நான் 2008. இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது மெம்ஃபிஸ் 9 புள்ளி முன்னிலை. கான்சாஸ் ஃபவுல் செய்து செய்து அவர்களைக் கோட்டுக்கு அனுப்பியது, அவர்களும் ஃப்ரீ த்ரோவை வரிசையாக விட்டார்கள். மூன்று புள்ளி பின்தங்கி இருக்கும்போது ஷெரன் காலின்ஸ் தடுமாறி விழப்போய்ப் பந்தைத் தள்ளிவிட, மாரியோ சால்மர்ஸ் 2.1 நொடி மீதியில் போட்ட மூன்று புள்ளி ஷாட், அப்புறம் ஓவர்டைமில் 75-68. மெம்ஃபிஸ் பெஞ்சில் நின்றவர் கேலிபாரி. பிரவுனின் இரண்டு பழைய உதவியாளர்கள் எதிரெதிரே! 2012 இறுதியில் கென்டக்கியோடு வந்து 67-59 என்று கேலிபாரி திருப்பிக் கொடுத்தார், அது வேறு.

2008ல் அதற்கு முந்தைய ஆட்டம் இன்னும் இனிப்பு. அரையிறுதியில் நார்த் கரோலினா, கோச் ராய் வில்லியம்ஸ். 2003ல் சிராக்யூஸிடம் இறுதியில் தோற்ற சூட்டோடு தங்களை விட்டுப் போனவர் என்று லாரன்ஸில் மனிதர் மேல் அவ்வளவு கோபம். ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கான்சாஸ் 40, கரோலினா 12.

கரோலினா_கட்சி

40-12ஐ எழுதாமல் விட்டிருக்கலாம். 2022ஐயும் நானே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாலு பேர் எழுதுவீர்கள். நியூ ஆர்லியன்ஸ், முதல் பாதி முடிவில் நாங்கள் 40, அவர்கள் 25. முன்னிலை ஒரு கட்டத்தில் 16 வரை போனது. 72-69 என்று தோற்றோம். இறுதி ஆட்டத்தில் அதைவிடப் பெரிய பள்ளத்திலிருந்து யாரும் ஏறியதில்லை. போதுமா?

இப்போது என் முறை. 2018ல் அரையிறுதிக்கு, அதாவது 'இறுதி நான்கு'க்கு, வந்ததற்கு அரங்கத்தில் மாட்டிய பதாகை எங்கே?

லாரன்ஸ்_வாசி

கழற்றிவிட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை. 2017ல் எஃப்.பி.ஐ. கல்லூரிக் கூடைப்பந்து லஞ்ச விசாரணையை வெளியிட்டது, ஆட்டக்காரர்களின் வீட்டாருக்கு அடிடாஸ் தரப்பு ஆட்கள் பணம் கொடுத்த விவகாரம், அதில் கான்சாஸும் சிக்கியது. ஆறு வருடம் இழுத்து, 2023 அக்டோபரில் தீர்ப்பு: 2017-18 பருவத்தின் 15 வெற்றிகளும் இறுதி நான்கு நுழைவும் ரத்து. அதற்கு முந்தைய வருடமே பல்கலைக்கழகம் தானாகவே செல்ஃபை நாலு ஆட்டத்துக்கு நிறுத்திவைத்திருந்தது. எதிர்காலப் போட்டிகளுக்குத் தடை வரவில்லை, அதனால் ரொம்பப் பேர் தப்பித்துவிட்டார்கள் என்றுதான் சொன்னார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

ஆனால் ஆடிய ஆட்டத்தை ஆடவில்லை என்று எழுதும் இந்த வழக்கம் எனக்குப் பிடிபடவில்லை. மெம்ஃபிஸின் 2008 பருவத்தையும் இப்படித்தான் அழித்தார்கள். ஏட்டின்படி அந்த இறுதியில் கான்சாஸ் ஜெயித்தது சரி, எதிரே யாரும் இல்லை.

ரீபவுண்ட்_ராணி

தண்ணீரை வடித்த குளத்துக்கு இப்படி ஏதாவது தண்டனை உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. விடுங்கள்.

செல்ஃப் ஆலனைத் தாண்டிவிட்டாரா இல்லையா? அந்த 15 போன பிறகு கணக்கு என்ன?

ஜம்ப்ஷாட்_சேலம்

அந்த 15ஐக் கழித்தும் தாண்டிவிட்டார். 2024 நவம்பரில் 590ஐத் தொட்டது நார்த் கரோலினாவை 92-89 என்று ஜெயித்த ஆட்டத்தில் (அண்ணா, நான் என்ன செய்ய), அடுத்த ஆட்டத்தில் மிச்சிகன் ஸ்டேட்டை ஜெயித்து 591. களத்தில் பார்த்தால் 2005 முதல் 2018 வரை 14 வருடம் விடாமல், கான்சாஸ் ஆடும் பிக் 12 லீகின் பட்டமும் அவர் கணக்கில்தான். யு.சி.எல்.ஏ.வின் 13ஐ முந்தியது அது.

நந்தனம்_பழையவன்

ஒரு சந்தேகம். சில இடங்களில் கான்சாஸுக்கு ஆறு தேசியப் பட்டம் என்று போட்டிருக்கிறதே?

ஜம்ப்ஷாட்_சேலம்

1922, 1923 இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள் சார். என்.சி.ஏ.ஏ. போட்டியே 1939ல்தான் ஆரம்பித்தது. அந்த இரண்டும் ஹெல்ம்ஸ் அறக்கட்டளை பல வருடம் கழித்துப் பின்னோக்கிப் பார்த்து இன்னார்தான் அந்த வருடத்தின் சிறந்த அணி என்று அறிவித்தவை. அரங்கத்தில் அதற்கும் பதாகை தொங்குகிறது, ரப் பெஞ்சில் இருந்த அணி அது. நான் எண்ணுவது நாலு.

கரோலினா_கட்சி

1924க்கு ஹெல்ம்ஸ் எங்களையும் சொல்லியிருக்கிறது தம்பி. சேர்த்தால் நீங்கள் ஆறு, நாங்கள் ஏழு. உங்கள் இஷ்டம்.